மஞ்சள் கல்லுக்குச் சாட்சி

ஜெயலட்சுமி சேரப்பணஞ்சேரிக்கு வந்தது ஒரே ஒரு நாள் வேலைக்காக. ஐந்து நாள் அங்கே கிடக்க வேண்டியதாயிற்று.

சென்னையில் ஒரு அறக்கட்டளை நடத்திவந்த சின்ன நிலவியல் அருங்காட்சியகத்தில் அவள் காப்பாட்சியர். நாளைக்குப் பத்துப் பேர் பார்க்க வந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்களாக இருப்பார்கள். ஜனங்கள் கல்லைத் தேடி வராவிட்டால் கல்லை ஜனங்களிடம் கொண்டுபோகலாம் என்று நிர்வாகியிடம் இரண்டு வருடம் கேட்டுக்கேட்டு, கடைசியில் ஏலத்தில் வந்த ஒரு பழைய பஸ்ஸை வாங்கவைத்தாள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள் வைத்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே அவளே தமிழில் எழுதி ஒட்டினாள். ஓட்டுவதற்கு நாகப்பன் வந்தார். ஐம்பது வயது, படப்பைக்காரர். அந்தப் பக்கத்து ரோடுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

1991 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை என்பதால் தலைமையாசிரியர் மைதானத்தையும் ஒரு வகுப்பறைச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலையிலிருந்து கூட்டம். கல்லைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள் என்பதையே ஜெயலட்சுமியால் நம்ப முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறையில் பதிந்த இலை ஒன்றை அவள் கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய இலை. "கெணறு வெட்டும்போது இது மாதிரி எவ்ளோ வந்துது, தூக்கிப் போட்டுட்டோமே" என்று ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் பலராமன் வந்தான். நாற்பது வயதிருக்கும். முழங்கைவரை சிறுசிறு தழும்புகள். ஊருக்குக் கிழக்கே இருந்த கல்குவாரியில் வேட்டு வைக்கிறவன். அந்தக் குவாரியின் கருங்கல் ஒன்று பெட்டியில் இருந்தது. கீழே எழுதியிருந்ததை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு திரும்பவும் படித்தான்.

"இருநூத்தம்பது கோடி வருசமா?"

"ஆமாங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்."

"பதினெட்டு வருசமா இத ஒடைக்கிறேன். ஒருத்தரும் சொல்லலையே டீச்சர்" என்றான். அவன் அடுத்த பெட்டிக்கு நகர்ந்து, அதில் இருந்த மஞ்சள் கட்டியைப் பார்த்துச் சிரித்தான். "இது எனக்கே தெரியும். கந்தகம். எங்க வெடிமருந்துல போடுவோம்." சொன்னவன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. லைசன்ஸ் மருந்து பத்தலன்னா மொதலாளி எங்களையே கலக்கச் சொல்லுவாரு. தெரிஞ்சா குவாரிய மூடிடுவாங்க."

சொல்லமாட்டேன் என்றாள் ஜெயலட்சுமி. பஸ்ஸின் கடைசியில் கறுப்புத் துணி கட்டிய ஒரு சிறு அறை இருந்தது. அதற்குள் அவனை அழைத்துப்போனாள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரச் சுவிட்ச் ஒன்று டிக்கென்று தட்டும். ஊதா விளக்கு எரியும். வெறும் பழுப்புக் கற்களாகக் கிடந்தவை பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிரும். பலராமன் மூன்று தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.

அன்று இரவுதான் ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட செய்தி விடிகாலையில் டீக்கடை ரேடியோவில் வந்தது.

புதன் காலை நாகப்பன் பஸ்ஸை எடுத்தார். எப்படியாவது தாம்பரம் போய்விட்டால் சென்னைக்குப் போய்விடலாம் என்று நினைத்தார்கள். படப்பை தாண்ட முடியவில்லை. ரோட்டின் குறுக்கே புளியமரக் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். தூரத்தில் டயர் எரிகிற கரும்புகை தெரிந்தது. நாகப்பன் வண்டியைத் திருப்பி ஒரகடம் பக்கம் விட்டார். அங்கும் அதே கதை.

"இனிமே எங்கயும் போவ முடியாது மேடம். கண்ணாடில ஒரு கல்லு வுழுந்தா அவ்ளோதான். ஸ்கூலுக்கே திரும்பிடலாம்."

திரும்பினார்கள். மூன்று மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது.

வெளியூர் வண்டிகளை எல்லாம் சோதிக்கிறோம் என்றார் இன்ஸ்பெக்டர் நரசிம்மன். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். பஸ்ஸுக்குள் ஏறியவர் ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை. வந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது. பின்னால் வந்த கான்ஸ்டபிள் கையில் ஊதா விளக்கின் பெட்டி. அதில் பன்னிரண்டு வோல்ட் பாட்டரி, சிவப்பும் கறுப்புமாக வயர்கள், கடிகாரச் சுவிட்ச். இன்னொருவர் கையில் அந்த மஞ்சள் கட்டியும், வெள்ளைப் பொடி இருந்த இரண்டு கண்ணாடிக் குப்பிகளும்.

"இதெல்லாம் என்ன மேடம்?"

அவள் சொன்னாள். இது கந்தகம், இது ஜிப்சம், இது வெடியுப்பு, இது கற்களை ஒளிரவைக்கிற விளக்கு. சொல்லச்சொல்ல ஒவ்வொரு வார்த்தையும் தன்னையே கட்டிப்போடுவது அவளுக்குத் தெரிந்தது. கந்தகம், வெடியுப்பு, பாட்டரி, கடிகாரம். நேற்றுக் காலையில் இவற்றைச் சொல்லியிருந்தால் பத்தாவது படிக்கிற பையன் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பான்.

"பட்டியல் இருக்கு சார். எந்தக் கல் எங்கேயிருந்து வந்ததுன்னு எல்லாம் எழுதியிருக்கேன். பாருங்க."

நரசிம்மன் பட்டியலை வாங்கிப் புரட்டினார். "இத எழுதினது யாரு?"

"நான்தான்."

"லேபிள்?"

"அதுவும் நான்தான்."

"நீங்க எழுதுனத நீங்களே சாட்சியா காட்டுறீங்க மேடம்" என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே ஒரு வழி கிடைக்காதா என்று பார்க்கிறவர் மாதிரித்தான் சொன்னார். "வேற யாராவது படிச்சவங்க வந்து இது இன்னதுன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இந்த காம்பவுண்ட விட்டுப் போகக் கூடாது."

பஸ்ஸைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். கேட்டில் இரண்டு கான்ஸ்டபிள்களை நிறுத்திவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை முழுவதும் வகுப்பறையில் கழிந்தது. ஓட்டுக் கூரை. பதினோரு மணிக்கெல்லாம் அனல் இறங்கியது. ஜெயலட்சுமி ஒரு பெஞ்சிலும் நாகப்பன் வாசலை ஒட்டித் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் யாரோ வரைந்த இந்தியா படம், காஷ்மீர் பக்கம் சாயம் உரிந்துபோயிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றுப் புடவை இல்லை. பெரம்பூரில் கணவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்தாள். பக்கத்து வீட்டுப் போனுக்குத் தகவல் சொல்லக்கூட வழியில்லை.

செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்றவர்கள் இப்போது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்கள். இலையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டவரும் அவர்களில் இருந்தார். ஜெயலட்சுமி அவரைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ ஒருவர் 'குண்டு பஸ்' என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு எல்லாரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

"நம்ம படப்பைப் பக்கத்து ஆளுங்கதான் மேடம் இவங்க. என்னயத் தெரியும் இவங்களுக்கு" என்றார் நாகப்பன். "தெரிஞ்சவன் மாதிரி ஒருத்தனாவது பாக்குறானா பாருங்க."

சாயங்காலம் கான்ஸ்டபிள் ஒருவர் துணைக்கு வர, போஸ்ட் ஆபீஸுக்குப் போய் போன் செய்ய அனுமதித்தார்கள். அருங்காட்சியகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிர்வாகியின் வீட்டு எண்ணில் அவரே எடுத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். யாரையாவது அனுப்புங்கள், ஒரு கடிதமாவது கொடுத்தனுப்புங்கள் என்றாள்.

"இந்த நேரத்துல அறக்கட்டளை பேரு பேப்பர்ல வரக்கூடாதும்மா. ஊர் அடங்கட்டும், பார்ப்போம். நீ யார்கிட்டயும் எங்க பேரச் சொல்லாதே."

"பஸ் மேலயே பேரு எழுதியிருக்கே சார்" என்றாள். லைன் அறுந்துவிட்டது. அறுந்ததா, அவர் வைத்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாகப்பனிடம் லைன் அறுந்துவிட்டது என்றே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நரசிம்மன் மறுபடி வந்தார். வகுப்பறையில் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மேஜை மேல் விளக்குப் பெட்டியையும் மஞ்சள் கட்டியையும் குப்பிகளையும் வைக்கச் சொன்னார்.

"மேடம், நானும் என்னால முடிஞ்சத பாத்துட்டேன். காலேஜ் ஒண்ணும் திறக்கல. சாயங்காலத்துக்குள்ள யாரும் சொல்லலன்னா உங்களையும் பஸ்ஸையும் மெட்ராஸுக்கு அனுப்பிடணும். அங்க பெரிய டீம் விசாரிக்கும். அதுக்கு அப்புறம் என் கையில எதுவும் இல்ல. எத்தனை நாள் ஆகும்னும் சொல்ல முடியாது." பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னார்: "குவாரியில வேட்டு வைக்கிற ஆள் ஒருத்தன் இருக்கானாம். கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

ஜெயலட்சுமி வாசல் பக்கம் திரும்பினாள்.

பலராமன் உள்ளே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. மேஜையைத்தான் பார்த்தான். வாசலுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி என்று ஜெயலட்சுமிக்குக் கேட்காமலே புரிந்தது. பாஞ்சாலி என்ற பெயர் பிறகுதான் தெரிந்தது.

"இந்த மஞ்சள் என்னன்னு தெரியுமா?" என்றார் நரசிம்மன்.

"தெரியாது சார்."

"நல்லா பாத்துச் சொல்லு. கையில எடுத்துப் பாரு."

பலராமன் எடுக்கவில்லை. "எங்களுக்கு மொதலாளி தோட்டா குடுப்பாரு சார். லைசன்ஸ் தோட்டா. குழிக்குள்ள வெப்போம், திரியப் பத்தவெப்போம். வேற ஒண்ணும் தெரியாது சார்."

நாகப்பன் தரையிலிருந்து பாதி எழுந்தார். செவ்வாய்க்கிழமை பலராமன் பேசியபோது அவரும் பஸ் படியில்தான் உட்கார்ந்திருந்தார். "மேடம்" என்றார். "மேடம், சொல்லுங்க."

நரசிம்மன் அவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன சொல்லணும்? மேடம், இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். இந்த ஆள் செவ்வாய்க்கிழமை என்னிடம் இதைக் கந்தகம் என்று சொன்னான், இவனுக்கு இது நன்றாகத் தெரியும். அதைச் சொன்னால் சாயங்காலம் பெரம்பூரில் இருக்கலாம். அவள் வாய் திறந்தாள். வாசலில் பாஞ்சாலியின் கை முறுக்குவதை நிறுத்தியிருந்தது.

"எக்ஸிபிஷனுக்கு நூத்துக்கணக்குல வந்தாங்க சார். எனக்கு யாரையும் ஞாபகம் இல்ல" என்றாள்.

பலராமன் அப்போதுதான் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். நாகப்பன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நரசிம்மன் பலராமனைப் போகச் சொன்னார்.

அவன் போனான். பாஞ்சாலி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக மைதானத்தைத் தாண்டினாள். ஜெயலட்சுமி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் வரைக்கும் போனார்கள். கான்ஸ்டபிள் கேட்டைத் திறந்துவிட்டார். அங்கே பலராமன் நின்றுவிட்டான். பாஞ்சாலி அவனை இழுத்தாள். ஏதோ சொன்னாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்துவிட்டான். பிறகு திரும்பி நடந்து வந்தான்.

உள்ளே வந்தவன் யாரும் கேட்காமலே மஞ்சள் கட்டியைக் கையில் எடுத்தான்.

"கந்தகம் சார் இது. வெறும் கந்தகம். இத மட்டும் வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது. கொளுத்தினா எரியும், மூக்க அடைக்கிற மாதிரி நாறும், அவ்ளோதான். வெடிக்காது." குப்பியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். "இந்த உப்பு ஒரு ஸ்பூன் கூட தேறாது. இத வெச்சி எலி வளையக் கூட ஒடைக்க முடியாது. இந்தப் பெட்டி வெளக்குக்கு. செவ்வாக்கெழமை நானே பாத்தேன். கல்லெல்லாம் பச்சயா எரியும். வேணும்னா போட்டுப் பாருங்க."

"இப்பதானே தெரியாதுன்னே?"

"பயந்துட்டேன் சார்."

"எதுக்குப் பயம்?"

பலராமன் கட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "லைசன்ஸ் தோட்டா பத்தலன்னா நாங்களே மருந்து கலக்குவோம் சார். அதான் இது எனக்குத் தெரியும்."

பஸ்ஸின் கடைசி அறையில் இருந்த கற்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். வகுப்பறை ஜன்னல்களைச் சாத்தி, நரசிம்மனும் இரண்டு கான்ஸ்டபிள்களும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். சுவிட்ச் தட்டியது. கற்கள் ஒளிர்ந்தன. ஒரு கான்ஸ்டபிள் தன்னை மறந்து குனிந்து பார்த்தார். ஜெயலட்சுமி அந்தக் கற்களைப் பார்க்கவில்லை. இருட்டில் பலராமன் எங்கே நிற்கிறான் என்று தேடினாள்.

ஒரு மணி நேரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் சாவியைக் கொடுத்தார்கள். பலராமனை ஜீப்பில் ஏற்றினார்கள். "சார், அவர நீங்கதான் கூப்பிட்டீங்க. உண்மையச் சொன்னதுக்கு எதுக்கு சார்" என்று அவள் ஜீப்பின் பக்கத்திலேயே நடந்தாள்.

"கணக்கில்லாத மருந்து, இந்த ஊர்ல, இந்த வாரத்துல" என்றார் நரசிம்மன். "கேட்ட பிறகு கேக்காத மாதிரி நான் இருக்க முடியாது மேடம். என்னையும் பாருங்க." ஜீப் போய்விட்டது.

பாஞ்சாலி கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ஜெயலட்சுமி பக்கத்தில் போனபோது எழுந்து போய்விட்டாள்.

ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்றார் நாகப்பன். அவள் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னாள். அங்கே நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பலராமன் செவ்வாய்க்கிழமை கண்காட்சிக்கு வந்தது, குவாரி முதலாளிதான் கலக்கச் சொன்னார் என்று அவன் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினாள். ஞாபகம் இல்லை என்று தான் பொய் சொன்னதையும் எழுதினாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமையும் போய் உட்கார்ந்தாள். அவனைப் பார்க்க விடவில்லை. ரோடு திறந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

பதினோரு நாள் கழித்து பலராமனை விட்டார்கள். குவாரிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அறுபது குடும்பத்துக்கு வேலை போயிற்று. இரண்டு மாதம் கழித்து முதலாளி எப்படியோ திறந்துவிட்டார். எல்லாரையும் சேர்த்துக்கொண்டார், பலராமனைத் தவிர. இதெல்லாம் நாகப்பன் சொல்லித்தான் ஜெயலட்சுமிக்குத் தெரியும். அருங்காட்சியகத்தில் அவனுக்கு ஒரு வேலை கேட்டு அவள் இரண்டு முறை எழுதினாள். போலீஸ் விசாரித்த ஆள் வேண்டாம் என்று இரண்டு முறையும் பதில் வந்தது. பஸ் ஷெட்டில் நின்றது. அவள் மறுபடியும் மேஜையில் உட்கார்ந்து, மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்குக் கல் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகப்பனைக் கூட்டிக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனாள். ஓலை வேய்ந்த வீடு. பாஞ்சாலி வாசலில் நின்று வழி விடாமல் பேசினாள்.

"இன்னா வோணும்?"

"அவரைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பாத்து?"

உள்ளேயிருந்து பலராமனே வந்தான். இளைத்திருந்தான். தண்டலம் பக்கம் ஒரு கம்பெனி கட்டுகிறார்களாம், அங்கே வாட்ச்மேன் வேலை, கிளம்பிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை அவனுக்குப் பெரிதாக இருந்தது. சைக்கிளைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்" என்றாள். "அன்னிக்கு நீங்க திரும்பி வரலன்னா..."

"நீங்க அத சொல்லியிருக்கலாம் டீச்சர்."

"எதை?"

"இவனுக்குத் தெரியும், செவ்வாக்கெழமை எங்கிட்ட சொன்னான்னு. நாகப்பண்ணன் கூட சொல்லச் சொன்னாரே. சொல்லியிருந்தீங்கன்னா நான் உங்கள திட்டிக்கினு இருந்திருப்பேன். அதே ஜெயிலு, அதே பதினோரு நாளு. ஆனா காட்டிக் குடுத்துட்டாங்கன்னு இவகிட்ட சொல்லியிருக்கலாம், ஊர்ல சொல்லியிருக்கலாம். நீங்க வாயத் தொறக்கல. கேட்டு வரைக்கும் போனேன். அதுக்கு மேல கால் வரல." துணியை சைக்கிள் சீட்டுக்கு அடியில் செருகினான். "இப்ப அறுபது வூட்டுலயும் கேக்குறாங்க, போலீசு வுட்டப்புறம் எதுக்குடா திரும்பிப் போனேன்னு. நான் இன்னா சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. அவளிடம் விடை இருக்குமோ என்று கேட்பவன் மாதிரி நின்றான். அவள் அந்த வெள்ளிக்கிழமையை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். வாயை மூடியிருந்ததுதான் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்திருந்தாள். அதுதான் அவனைக் கேட்டில் பிடித்து நிறுத்தியது என்று ஒரு தடவையும் நினைக்கவில்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

"செரி, நேரமாவுது. ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு" என்று சைக்கிளில் ஏறினான். நாகப்பனைப் பார்த்துத் தலையசைத்தான். போய்விட்டான்.

பாஞ்சாலி இன்னும் வாசலிலேயே நின்றாள்.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றாள் ஜெயலட்சுமி.

"நீங்க கேட்டுட்டு பஸ் ஏறிடுவீங்க" என்றாள் பாஞ்சாலி. "இந்த ஊர்ல இருக்குறவ நான்தான்."

படலைச் சாத்தவில்லை. உள்ளே வரவும் சொல்லவில்லை. ஜெயலட்சுமி கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். நாகப்பன், அடுத்த பஸ் ஒன்றரைக்குத்தான் என்றார்.